மலாக்கா போய்ச் சேரும்போது குரல் இருக்கவேண்டும்

கேள்வி: எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் இளையர் பாடகர் குழுவில் 13 முதல் 21 வயதுவரை 28 பேர். ஜூன் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பேருந்தில் கிளம்பி, அன்றிரவு 7 மணிக்கு மலாக்காவில் பாடவேண்டும். போன பயணத்தில் போய் இறங்கியதும் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. தபேலாவும் சுருதி சேரவில்லை. முதல் நாளை எப்படித் திட்டமிடுவது?
– பாடகர் குழுத் தலைவி, சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் புறப்படும் நேரத்தை மாற்றுங்கள். விடுமுறைச் சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கிளம்பினால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மணிக்கணக்கில் நிற்க நேரலாம். விடிகாலை 4.30க்கே பேருந்து ஆலய வாசலைவிட்டு நகர்ந்துவிடட்டும். மலாக்கா ஏறத்தாழ 240 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் சோதனையும் ஓய்வும் சேர்த்து ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். மிஞ்சும் நேரம் வீணில்லை, பிள்ளைகளின் குரலுக்கு அதுதான் மருந்து.

கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. மலேசியக் குடிமக்கள் அல்லாத சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை நிரப்பவேண்டும். தேசிய சேவையில் இருக்கும் இளையர் முகாமில் முன்கூட்டியே அனுமதி வாங்கட்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஜோகூர் பாரு பக்கம் பெட்டிகளையெல்லாம் இறக்கி, ஊடுகதிர்ச் சோதனைக்கு எடுத்துப்போக வேண்டியிருக்கும். கீபோர்டை யார் தூக்குவது, தபேலாவை யார் தூக்குவது என்று முதல் நாளே பெயர் சொல்லிவிடுங்கள். வாத்தியங்களின் வரிசை எண்ணைப் படமெடுத்து வைத்தால், திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதா என்று யாரும் கேட்டால் காட்டலாம். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுங்கள். பேருந்தில் ஏறும் ஒவ்வொரு தடவையும், பக்கத்து இருக்கைக்காரர் வந்துவிட்டாரா என்று ஜோடியிலுள்ளவரே சொல்லவேண்டும். தலையை மட்டும் எண்ணினால், கழிப்பறையில் நிற்கும் ஒருவரை எளிதாக விட்டுவிடுவோம்.

இனி தொண்டை. பிள்ளைகளின் குரல் மேடைக்கு வருவதற்கு முன்பே, பேருந்திலேயே போய்விடுகிறது. குளிரூட்டியின் வறண்ட காற்று ஒரு பக்கம். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டும் என்று, தெரியாமலே குரலை உயர்த்திப் பேசுவது இன்னொரு பக்கம். அதன்மேல் மூன்று மணி நேரம் கைதட்டிப் பாடினால் குரல் நாண்கள் வீங்கத்தான் செய்யும். ஆகவே பேருந்தில் பாடவேண்டாம். சுற்றுலாவின் மகிழ்ச்சியே அதுதானே என்று முகம் வாடுவார்கள், தெரியும். திரும்பி வரும் நாளில் ஆசை தீரப் பாடட்டும். போகும்போது காதில் ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு அவரவர் பகுதியைக் கேட்டு, வரிகளை எழுதிப் பார்க்கலாம்.

கழிப்பறை இல்லாத பேருந்து என்றால் பிள்ளைகள் பயந்து தண்ணீரே குடிக்கமாட்டார்கள். அதனால் மச்சாப், பாகோ ஓய்வுத்தளங்கள் இரண்டிலும் நிற்போம் என்று முன்பே உறுதி சொல்லுங்கள். மணிக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் போதும், ஆனால் மடக்கு மடக்காக. காலையில் இட்லியோ ரொட்டியோ நல்லது; எண்ணெய்ப் பலகாரமும் சம்பல் நிறைந்த நாசி லெமாக்கும் வேண்டாம். வாந்தி வருபவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும். பயண வாந்தி மாத்திரைகள் பல தூக்கத்தோடு வாயையும் உலர வைக்கும். அதனால் உண்மையிலேயே தேவைப்படுபவருக்கு மட்டும், பெற்றோர் தந்ததைக் கிளம்புவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள்.

தபேலாவைப் பெட்டி அறையில் போடாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளர்ந்து சுருதி இறங்கும். வறண்டால் இறுகி ஏறும். குளிர்ந்த பேருந்திலிருந்து மலாக்காவின் புழுக்கத்துக்கு வந்த உடனே சுருதி சேர்த்தால் அது நிற்காது. பாடப்போகும் ஆலயத்திலேயே அரைமணியாவது உறையோடு வைத்திருந்து, பிறகு தட்டிச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடல்கள் எல்லாம் ஒரே கட்டையில் (அடிப்படைச் சுருதியில்) இல்லையென்றால், எந்தப் பாட்டுக்கு எந்தத் தபேலா என்று தாளில் எழுதி வையுங்கள். ஒன்றரைக் கட்டைத் தபேலாவை ஐந்து கட்டைக்கு ஏற்ற முயன்றால் தோல்தான் கிழியும். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் எண்ணை முந்தைய பாட்டிலிருந்து மறந்து விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும், அதையும் அதே தாளில் குறியுங்கள். மலேசியாவிலும் இங்குள்ள அதே மூன்று முள் பிளக்தான். நீட்டிப்புக் கம்பி மட்டும் கொண்டுபோங்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் எல்லோரும் படுக்கட்டும், பேச்சு கூடாது. 4.30க்குக் குரல் பயிற்சி: வாய்மூடி முனகல், உதட்டை அதிரவிடுதல், பிறகு நடுச்சுருதியில் ஐந்து ஸ்வரம் ஏறி இறங்குதல். 20 நிமிடம் போதும். குரல் உடைந்துகொண்டிருக்கும் 13, 14 வயதுப் பையன்களை மேல்ஸ்தாயிக்கு இழுக்காதீர்கள். வசதியான நாலைந்து ஸ்வரங்களில் கீழ்க்குரல் பகுதியைக் கொடுங்கள்.

ஒலிச் சோதனையில் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். எதிரொலி நீண்டால் வேகமான பாட்டைச் சற்று நிதானமாக எடுங்கள். காலி ஆலயத்தில் அதிகமாக முழங்கும். மக்கள் நிறைந்தால் ஒலி உறிஞ்சப்படும். அதை எண்ணி, சோதனையில் வைத்த ஒலி அளவைக் கூட்டம் சேர்ந்ததும் முதல் பாட்டில் கேட்டுச் சரிசெய்ய ஒருவரைப் பின்வரிசையில் நிறுத்துங்கள். ஞாயிறு காலை ஆராதனையிலும் பாடுவதாக இருந்தால், இரவு விருந்து 9.30க்கு முடியும்படி போதகரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.