டோக்கன் இருக்கிறது, உலாவி ஏற்க மறுக்கிறது

கேள்வி: அரசு ஒப்பந்தப்புள்ளிகளை இணையவழியில் தாக்கல் செய்யும் சிறு ஒப்பந்ததாரர் நான். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனைச் செருகினால் ஒரு தளம் ஜாவா வேண்டும் என்கிறது. மற்றொன்று தன் மென்பொருளை நிறுவச் சொல்கிறது. கூகுள் கணக்கில் விரல் வைத்தே நுழைய முடிகிறபோது இதில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?
– வாசகர், நாமக்கல்

பதில்: குறை உங்கள் டோக்கனில் இல்லை. அதற்குள் இருப்பது ஸ்மார்ட் கார்டில் உள்ள அதே வகைச் சில்லு. கையெழுத்துக்கான ரகசியச் சாவி அதனுள்ளேயே உருவாகி அதனுள்ளேயே தங்கிவிடுகிறது. ஆவணத்திலிருந்து கணக்கிட்ட சுருக்க எண்ணைக் கணினி அனுப்ப, நீங்கள் பின் எண்ணை இட்டதும் சில்லு கையெழுத்தை மட்டும் வெளியே தருகிறது.

தடை இருப்பது சில்லுக்கும் உலாவிக்கும் இடையில். எந்த இணையதளமும் உங்கள் கணினியின் கருவிகளை நினைத்தபடி தொடக்கூடாது என்பது உலாவிகளின் அடிப்படைப் பாதுகாப்பு விதி, சரியான விதியும்கூட. முன்பு ஜாவா ஆப்லெட்டுகள் (இணையப் பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்கள்), உலாவியில் சேர்க்கும் துணை மென்பொருளான செருகுநிரல் வழியாக இந்த விதியைக் கடந்து டோக்கனை எட்டின. அந்தச் செருகுநிரல்களே தாக்குதல்களுக்கு வழிவிட்டதால் 2015-இல் குரோமும் 2017-இல் ஃபயர்பாக்ஸும் அவற்றைக் கைவிட்டன. அதன்பின் பல தளங்கள் டோக்கனையும் உலாவியையும் இணைக்கத் தத்தமக்கென ஓர் இடைமென்பொருளை எழுதிக்கொண்டன. உங்கள் அலைச்சலுக்குக் காரணம் இதுவே.

விரல் வைத்து நுழையும் வசதிக்குப் பின்னால் இருப்பது, 2019-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்ற வெப்ஆத்தன் என்னும் தரநிலை. அதில் உலாவியே பாதுகாப்புச் சில்லுடன் பேசுகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் சாவி என்பதால் போலித்தளம் ஏமாற்றவும் முடியாது. ஆனால் அது நுழைவுக்கானது. டோக்கனில் உள்ள உங்கள் டிஜிட்டல் சான்றிதழைக் கொண்டு ஒப்பந்த ஆவணத்தில் கையெழுத்திடும் வேலையை அது செய்யாது.

அந்த வேலைக்கு எஸ்டோனியா நல்ல வழி காட்டுகிறது. 2002 முதல் அடையாள அட்டையில் சில்லு வைத்து வழங்கும் அந்நாட்டில், வெப் இஐடி என்ற திறந்தமூல மென்பொருளும் அதன் உலாவி நீட்சியும் பல தளங்களுக்கும் பொதுவாகப் பயன்படுகின்றன. நுழைய ஒரு பின் எண், கையெழுத்திட வேறொரு பின் எண். நம் அரசுத் தளங்களும் இப்படி ஒரே பொது மென்பொருளுக்கு வந்தாக வேண்டும்; ஒவ்வொரு துறையும் தனித்தனியே எழுதிக்கொண்டிருப்பதில் பாதுகாப்பும் கூடுவதில்லை, எளிமையும் வருவதில்லை.

கேள்வி: டோக்கனையும் பின் எண்ணையும் ஆடிட்டர் அலுவலகத்திலேயே விட்டுவைக்கிறேன். தவறா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தவறுதான். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42-ஆம் பிரிவில், சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பைச் சான்றிதழ் பெற்றவரிடமே ஒப்படைக்கிறது. டோக்கனைத் திரும்பப் பெற்று, அதனுடன் வந்த மென்பொருளில் பின் எண்ணை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். டோக்கன் தொலைந்தால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, சான்றிதழை ரத்து செய்யச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிவிக்கும் வரை பொறுப்பு உங்களுடையதே.