வசைச்சொல்லைக் கேட்டு மனம் புண்பட வேண்டுமா?

கெட்ட வார்த்தை வெறும் ஒலிதானே, அதைக் கேட்டு ஒருவர் ஏன் புண்பட வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை, அந்தச் சொல் யாரை நோக்கி எறியப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.

கால் கல்லில் இடித்ததும் ஒருவர் வாய்விட்டுத் திட்டினால் அதில் தாக்கப்படுபவர் எவரும் இல்லை. 2009-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், பனிபோல் குளிர்ந்த நீரில் கையை வைத்திருந்தவர்கள் சாதாரணச் சொல்லைச் சொன்னபோது தாங்கியதைவிட, வசைச்சொல்லைச் சொன்னபோது அதிக நேரம் தாங்கினார்கள். இத்தகைய வசைக்கு முகம் சுளிக்கலாம், புண்படக் காரணமில்லை.

ஆனால் தமிழில் வழங்கும் கடுமையான வசைகளில் பல, எதிராளியின் தாயை ஒழுக்கங்கெட்டவளாகக் காட்டுகின்றன, அல்லது சாதியைச் சுட்டுகின்றன. சண்டை இரண்டு ஆண்களுக்கு இடையே நடக்க, அங்கே இல்லாத ஒரு பெண் இழிவுபடுகிறாள். இதை நாம் விந்தையாகக்கூட எண்ணுவதில்லை. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதை, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது; அதற்கு ஆபாசச் சொல் எதுவும் தேவையில்லை. மறுபுறம், வசைமொழி இடம்பெற்றதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்று 2024-இல் ஓர் இணையத்தொடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்றே நினைக்கிறேன்; சொல் எது என்பதைவிட அது யாரைத் தாக்குகிறது என்பதே முக்கியம்.

நண்பர்கள் தமக்குள் உரிமையோடு பரிமாறிக்கொள்ளும் அதே சொல்லை, திருப்பிப் பேச முடியாத ஊழியரிடம் மேலாளர் சொன்னால், அந்த ஊழியர் புண்படுவது முற்றிலும் நியாயம்.