கூட்டத்தில் புள்ளிவிவரம் பேசுவது எப்படி? கேள்வி பதில்

மேலூர், பாசன சங்க உறுப்பினர்: அக்கா, வைகை அணையோட பத்து வருச நீர்மட்டம், வரத்து, திறப்பு எல்லாம் சேர்த்து வச்சிருக்கேன். கிராம சபையில பத்து நிமிசம்தான் கிடைக்கும். மூணையும் ஒரே படத்துல போட்டுடலாமா?

பதில்: வேண்டாம் அண்ணே. நீர்மட்டம் அடிக்கணக்கு, வரத்தும் திறப்பும் வினாடிக்குக் கன அடி. இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு என்று வைத்தால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் நீங்கள் அளவுகோலை வைத்த விதத்தால் வருவது, தண்ணீரால் வருவதில்லை. ஆனால் எல்லோர் கண்ணும் அந்த வெட்டுப்புள்ளியில்தான் நிற்கும்.

அடிக்கணக்கே தனிச் சிக்கல். வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. 35 அடி என்றதும் பாதி அணை நிரம்பியதாகக் கூட்டம் எடுத்துக்கொள்ளும். நீர்ப்பரப்பு மேலே போகப் போக விரிவதால் 35 அடியில் இருப்பு பாதிக்கு வெகு குறைவு. எனவே மட்டத்தைக் காட்டாதீர்கள், இருப்பைக் காட்டுங்கள்.

கன அடியை வயலுக்கு மாற்றிச் சொல்லுங்கள். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் 24 மணி நேரம் ஓடினால் 86,400 கன அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதாவது ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 2 அடி உயரம், அல்லது 24 ஏக்கரில் ஓர் அங்குலம். வினாடிக்கு 900 கன அடி திறந்தால் ஒரு நாளில் 21,000 ஏக்கருக்குச் சற்று மேல் ஓரங்குலத் தண்ணீர். வாய்க்கால் பிரியும் பேரணையிலிருந்து மேலூர் வந்து சேருவதற்குள் கசிவும் ஆவியும் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கடைமடைக்காரர் எழுந்து கேட்பார். அவர் கேட்பது நியாயமும்கூட.

பத்து நிமிடத்துக்கு ஒரே படம் போதும். ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துக் கிடைப்பட்டைகள். பட்டை தொடங்குமிடம் வாய்க்கால் திறந்த தேதி, முடியுமிடம் அடைத்த தேதி. தாமதமும் குறைந்த நாட்களும் ஒரே பார்வையில் தெரியும். மீதி எல்லாம் அச்சிட்ட தாளில் கைக்குப் போகட்டும்.

ஒத்தக்கடை, வேளாண் மாணவி: மல்லிகை விலை பற்றிக் கருத்தரங்கில் பேசணும். வார சராசரியைச் சொன்னால் பூ வியாபாரிகள் ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க.

பதில்: அவர்கள் சொல்வது சரிம்மா. எடுத்துக்காட்டுக்கு ஏழு நாள் விலை கிலோவுக்கு 300, 350, 400, 400, 450, 500, 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 771. அந்த விலைக்கு எந்த நாளும் பூ விற்கவில்லை. ஒரே ஒரு முகூர்த்த நாள் மொத்தக் கணக்கையும் மேலே இழுத்துவிட்டது. விலையை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 400. அதைச் சொல்லி, "முகூர்த்தத்தன்று 3,000" என்று தனியாகச் சொன்னால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்காரர் யாரும் மறுக்க மாட்டார். படத்தில் ஏழு நாளையும் ஏழு புள்ளிகளாகவே வையுங்கள். முகூர்த்த நாளுக்கு மட்டும் வேறு நிறம், பக்கத்திலேயே காரணம். பனிக்கால விலை உயர்வு வரத்துக் குறைவால் வருவது. அதையும் முகூர்த்த உயர்வையும் ஒரே நிறத்தில் காட்டினால் இரண்டும் ஒன்றென்று ஆகிவிடும்.

உசிலம்பட்டி, கிராம செவிலியர்: இரத்தசோகை 40 சதவீதத்துல இருந்து 30 ஆச்சு. 10 சதவீதம் குறைஞ்சதுன்னு சொல்லலாமா?

பதில்: 40-இல் 10 குறைந்தால் அது கால் பங்கு, 25 சதவீதம். 10 என்பது சதவீதப் புள்ளி, அதாவது இரண்டு சதவீதங்களின் நேர் வித்தியாசம். இரண்டையும் கூட்டத்தில் விளக்க நேரம் இருக்காது. "முன்பு நூறு பேரில் 40 பேர், இப்போது 30 பேர்" என்று சொல்லுங்கள். எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்பதையும் உடனே சொல்லுங்கள். இருபது பேரை மட்டும் பார்த்திருந்தால் சதவீதமே வேண்டாம், தலைக்கணக்கு போதும்.

திருமங்கலம், ஆசிரியர்: வீட்டில் செய்த ஸ்லைடு மண்டபத்துக் கணினியில் கோணல்மாணலாக வருகிறது. ஊர்ப் பெயர்களும் சாய்ந்து நிற்கின்றன.

பதில்: முதல் கோளாறு எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். ஒருங்குறியில் (யூனிகோட்) அடியுங்கள், நிர்மலா எழுத்துரு விண்டோஸோடு வருவது. கூடவே ஒரு பி.டி.எஃப். பிரதியும் பென் டிரைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, நம் பெயர்களின் நீளம். திருப்பரங்குன்றம், வாடிப்பட்டி, கள்ளிக்குடி என்று நிற்கும் பட்டைகளின் கீழே எழுதினால் மென்பொருள் சாய்த்துவிடும், கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். பட்டைகளைக் கிடையாக்குங்கள், பெயர் இடப்பக்கம் நேராக நிற்கும். அகர வரிசை வேண்டாம், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள்.

எண்களுக்கும் ஒரு வழி. எக்செல் காற்புள்ளியை ஆயிரம், மில்லியன் கணக்கில் போட்டால் நம் மக்கள் தடுமாறுவார்கள். கட்டத்தைத் தேர்ந்து, கண்ட்ரோல் விசையோடு 1 அழுத்தி, கஸ்டம் பகுதியில் இதை இடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

லட்சம், கோடிக் கணக்கில் வந்துவிடும். பேசும்போது அதையும் சுருக்குங்கள். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகை 10,17,865. வாயால் சொல்லும்போது "பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே". புத்தகம் படிப்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

அதே ஆசிரியர்: பின்வரிசைக்குத் தெரியுமான்னு முன்கூட்டியே எப்படிப் பார்க்கிறது?

பதில்: 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் உயரம் சுமார் 7.6 அங்குலம். ஐந்து அடி தள்ளி நின்று படியுங்கள். அது திரை உயரத்தின் எட்டு மடங்கு. ஐந்தடி உயரத் திரையை நாற்பதடியிலிருந்து பார்ப்பதும் அதேதான். படிக்க முடியாத எழுத்தை நீக்குங்கள் அல்லது பெரிதாக்குங்கள். "பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியாது, நானே சொல்றேன்" என்று தொடங்கினால் அந்த நிமிடமே பாதிப் பேர் கைப்பேசிக்குப் போய்விடுவார்கள்.

செல்லூர், மகளிர் குழு: எங்களுக்கு புரொஜெக்டரே இல்லை அக்கா. கரண்டும் போயிடும்.

பதில்: சார்ட் தாள் தாராளமாகப் போதும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து; முப்பதடியில் ஆள் இருந்தால் மூன்று அங்குலம். கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வரிக்கு நடுவே கூடுதல் இடம் விடுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பும் நீலமும் மட்டும். மஞ்சள் மார்க்கர் தூரத்தில் மறைந்துவிடும், சிவப்பும் பச்சையும் பக்கத்தில் வந்தால் சிலருக்கு ஒன்றாகவே தெரியும்.

முழுப் படத்தையும் வரைந்துகொண்டு வராதீர்கள். கோடுகளும் மாதப் பெயர்களும் மட்டும் போட்டு மாட்டுங்கள். கிடைக்கோடு எது, நிற்கும் கோடு எது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். "எந்த மாசம் கடன் பாக்கி அதிகம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு, நான்கைந்து பதில் வரும்வரை பொறுங்கள். பிறகு அவர்கள் கண் முன்னே பட்டைகளை வரையுங்கள். ஊகம் சொன்னவர் விடை வரும்வரை கண்ணை எடுக்க மாட்டார். வரைந்து முடித்ததும் ஐந்து விநாடி பேசாதீர்கள். அவர்கள் படத்தைப் படிக்கும்போது நீங்களும் பேசினால் இரண்டில் ஒன்றுதான் உள்ளே போகும்.

விளக்குத்தூண், கடைச் சங்கம்: விற்பனை 82 லட்சத்துல இருந்து 78 ஆனது. பட்டையை 75-ல தொடங்கினா சரிவு நல்லாத் தெரியுதே?

பதில்: தெரிவது உண்மையான சரிவு இல்லை. 75-இல் தொடங்கினால் ஒரு பட்டை 7 பங்கு, இன்னொன்று 3 பங்கு. பாதிக்கும் மேல் விழுந்ததாகக் கண் சொல்லும். உண்மையில் குறைந்தது 5 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. பட்டைக்கு நீளம்தான் பேச்சு, அதனால் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். மாதவாரியான ஏற்ற இறக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் கோட்டுப் படம் போடுங்கள். அதற்கு 75-இல் தொடங்கலாம், "75 லட்சத்திலிருந்து" என்று ஓரத்தில் பெரிதாக எழுதிவிட்டு.