எருமை கத்தும் என்று காத்திருக்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சினை பிடிக்காத எருமைகள்தான்.

கே: மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்? (திருமங்கலம் வாசகர்)

ப: எந்தெந்தத் தேதியில் போட்டீர்கள்? கன்று ஈன்று எத்தனை மாதம்? வழும்பு (பருவத்தில் பிறப்புறுப்பிலிருந்து வடியும் சளி) கண்ணாடி போல இருந்ததா, கலங்கலா? ஒன்றையும் எழுதாமல் மருந்து கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? வழும்பு கலங்கலென்றால் கருப்பையில் சீழ்; அதை ஆற்றாமல் போடும் ஊசி தண்டம். டாக்டரிடம் காட்டுங்கள். தேதியை நோட்டில் எழுதுங்கள்.

கே: ஜெர்சி ஊசி போட்டால் எருமைக்குப் பால் கூடுமா? (வாடிப்பட்டி)

ப: ஜெர்சி பசு இனம்; எருமைக்குச் சினையே பிடிக்காது. முர்ரா என்கிற எருமை இன ஊசி கேளுங்கள்.

கே: கன்று போட்டு ஐந்து மாதம். ஒரு தடவைகூடப் பருவத்துக்கு வந்து கத்தவில்லை. (செல்லம்பட்டி)

ப: 'கத்தவில்லை', 'கத்தவில்லை' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கத்துவது பசு. எருமைக்கு ஊமைப் பருவம்தான் அதிகம், கோடையில் இன்னும் மோசம். 21 நாளுக்கு ஒருமுறை சத்தமில்லாமல் வந்து போயிருக்கும். ஒவ்வொரு தடவை விடும்போதும் மூன்று வாரத் தீவனச் செலவு வீண். பருவம் இரவிலும் விடியலிலும்தான் நன்றாகத் தெரியும். நீங்கள் தொழுவத்துக்குப் போவதோ வெயில் ஏறிய பிறகு! கறக்க உட்காரும்போதே கவனியுங்கள். பால் திடீரென இறங்குகிறதா? அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் போகிறதா? பிறப்புறுப்பு தடித்திருக்கிறதா? வழும்பு பசுவுக்குப் போல எப்போதும் தொங்காது, படுத்து எழுந்த இடத்தில் பாருங்கள். காலையில் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. இவ்வளவு பார்த்தும் தெரியாவிட்டால் டாக்டர் கையை உள்ளே விட்டுச் சோதித்து, சினைப்பை வேலை செய்கிறதா என்று சொல்லிவிடுவார். தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். வெறும் வைக்கோலைத் தின்கிற எருமை கத்தவும் செய்யாது, பருவத்துக்கும் வராது.

கே: சித்திரை, வைகாசியில் மட்டும் ஏன் பிடிப்பதில்லை? (மேலூர்)

ப: கறுப்புத் தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு; நம் ஊர் வெயிலை எருமை தாங்காது. பச்சைத் தீவனமும் அப்போதுதான் கிடைக்காது. கண்மாயில் தண்ணீர் கிடந்தால் இறக்கிவிடுங்கள். வற்றிவிட்டதா, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசி முதல் மாசிவரை நல்ல காலம், அதைத் தவற விடாதீர்கள்.

கே: ஒன்பது மாதச் சினை. படுத்தால் அடி தள்ளுகிறது (பிறப்புறுப்பின் உள்பகுதி வெளியே வருகிறது). (பேரையூர்)

ப: பின்பக்கம் அரையடி உயர்ந்திருக்கும்படி கட்டுங்கள். வெளியே வந்ததை வெறுங்கையால் திணிக்க வேண்டாம். சுத்தமான ஈரத்துணியால் மூடிவிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் செய்யுங்கள். எருமைக்குச் சினைக்காலம் சுமார் 310 நாள். வருகிற டாக்டர் ஊசி போட்ட தேதியைத்தான் முதலில் கேட்பார். நோட்டு இருக்கிறதுதானே?