மேய்ச்சல் நிலத்தில் மேல்விதைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புரட்டாசி பிறப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய காரியம் என்பதால், மேய்ச்சல் நிலத்தைப் பற்றிக் கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரிச் செம்மண் நிலம் இருக்கிறது. பத்து ஆண்டுகளாகப் பயிர் வைக்காமல் 25 ஆடுகளை அதில் மேய்த்து வருகிறேன். மாசி மாதம் வந்தால் அருகம்புல்லின் காய்ந்த வேரும், ஆவாரையும், எருக்கும், கொழிஞ்சியும்தான் மிஞ்சுகின்றன. உழுதுவிட்டுப் புதிதாகப் புல் விதைக்கச் சொல்கிறார்கள் சிலர். இருக்கிற புல்லின் மேலேயே விதையைத் தூவினால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். எதைச் செய்வது?
– ஒரு வாசகர், வேப்பூர் வட்டம்

பதில்: உழ வேண்டாம். தங்கள் நிலத்தில் இப்போது மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த அருகம்புல்லின் வேர் ஒன்றுதான். அதையும் கிளறிவிட்டால், ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டுகிற மழைக்கு மேல்மண் கரைந்து ஓடைக்குப் போய்விடும், மிஞ்சுகிற மண்ணும் வெயில் பட்டதும் ஓடு கட்டி, முளைத்து வருகிற சிறு விதைகளை மேலே வரவிடாமல் தடுத்துவிடும்.

இருக்கும் பசுமையை அழிக்காமல் அதற்குள்ளேயே விதைப்பது நம் மாவட்டத்துக்குப் புதிய வித்தை அன்று. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறோம் அல்லவா? ஏர் படுவதில்லை, பாத்தி கட்டுவதில்லை. ஈரமும், விதை மண்ணைத் தொடுவதும், முளைத்தபின் மேலே வெளிச்சம் கிடைப்பதும் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விதை பிழைத்துக்கொள்கிறது. மேய்ச்சல் நிலத்து மேல்விதைப்புக்கும் இதே மூன்றுதான் வேண்டும். நான்காவதாக ஒன்றும் வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். பெரும்பாலோர் கோட்டை விடுகிற இடம் அதுதான்.

முதலில் எதை விதைப்பது என்று பார்ப்போம். செம்மண் மானாவாரிக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் பொருத்தமான இணை. கொங்கு நாட்டில் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் (உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் நிலங்களில்) தலைமுறை தலைமுறையாக மாடு வளர்ப்பது கொழுக்கட்டைப் புல்லை நம்பித்தான். ஆழமாக வேர் விடுகிற புல் என்பதால் மழை நின்று வாரக்கணக்கில் ஆனபிறகும் அதன் தூரில் உயிர் இருக்கும். முயல்மசால் பயறு வகையைச் சேர்ந்தது. சத்துக் குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள செம்மண்ணிலும் வளர்ந்து, வேர்முடிச்சுகளின் வழியாகக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். புல் மட்டும் இருந்தால் ஆட்டின் வயிறு நிறையும். மசாலும் சேர்ந்தால்தான் அதற்குப் புரதம் கிடைக்கும். தூவி விதைக்க ஏக்கருக்கு முயல்மசால் 4 கிலோ, கொழுக்கட்டைப் புல் 2 முதல் 3 கிலோ போதும்.

இரண்டு விதைக்கும் இரண்டு குணம். கொழுக்கட்டைப் புல் விதை அறுத்த உடனே முளைக்காது, ஆறு மாதமாவது உறக்கத்தில் கிடக்கும். ஆகவே புதிதாக அறுத்த விதை என்று யாராவது பெருமையாகக் கொடுத்தால் வாங்கி வைத்து அடுத்த ஆண்டுக்குப் பயன்படுத்துங்கள். பஞ்சு போல இருக்கிற அந்த விதை கையிலிருந்து சீராக விழாது, காற்றிலும் பறக்கும். ஈர மணலோடு பிசறித் தூவ வேண்டும். முயல்மசால் விதைக்குத் தோல் கடினம். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சூடு 80 டிகிரி அளவுக்குத் தணிந்ததும் விதையைக் கொட்டி, மூன்று நான்கு நிமிடத்தில் வடித்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊற வைத்து, காலையில் நிழலில் உலர்த்துங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிரான ரைசோபியம் உயிர் உரம் ஒரு பொட்டலத்தைக் கலந்து விதைமேல் பூசி, அன்றைக்கே விதைத்துவிடுவது நல்லது. ஆனால் எல்லா விதையையும் இப்படி வெந்நீரில் போடாதீர்கள் என்பது என் கருத்து. பாதியை மட்டும் நேர்த்தி செய்யுங்கள், மீதியை அப்படியே தூவுங்கள். முதல் மழைக்கு முளைத்தவை இடையில் வருகிற இரண்டு வார வெயிலில் கருகிப்போனாலும், தோல் இளகாத விதைகள் மண்ணிலேயே காத்திருந்து அடுத்த மழைக்கோ அடுத்த ஆண்டுக்கோ முளைக்கும்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நல்ல வாக்குத்தான் என்றாலும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிற நம் நிலத்தில் மேல்விதைப்புக்குப் புரட்டாசியின் பிற்பாதியே ஏற்றது. ஆடி, ஆவணி மழைகளுக்கு நடுவில் வெயில் இடைவெளி நீளம். ஐப்பசி பாதியில் விதைத்தாலோ அடைமழை விதையை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் குவித்துவிடும். விதைப்பதற்கு முந்தைய வாரம் அந்த நிலத்தில் ஆடுகளை நெருக்கமாக மேயவிட்டு, இரவில் பட்டி போடுங்கள். புல் குட்டையாகும், குளம்பு பட்டு மேல் ஓடு உடையும், புழுக்கையும் மூத்திரமும் சேரும். ஆவாரையையும் எருக்கையும் வெட்டி எடுங்கள். மழைக்கு மேகம் கூடியிருக்கும் நாளில் விதையைத் தூவி, முள் கட்டை ஒன்றைச் சரிவுக்குக் குறுக்காக இழுத்துவிட்டு, மந்தையை ஒருமுறை அதன்மேல் ஓட்டுங்கள். குளம்பே விதையை மண்ணில் அழுத்திவிடும். இந்த விதைகள் அரை அங்குலத்துக்குக் கீழே போனால் மேலே வர வலுவில்லாதவை. மழைக்கு நெடுநாள் முன்னதாகத் தூவவும் கூடாது. எறும்புகள் வரிசை கட்டி விதையைத் தூக்கிக்கொண்டு போகும். யூரியா போடாதீர்கள்: அது பழைய புல்லை உயர்த்தி, புதிய மசால் கன்றுகளை நிழலில் வாட்டிவிடும். மண் பரிசோதனைப்படி உரமிடுவதே முறை. அதற்கு வழியில்லாவிட்டால் ஏக்கருக்கு ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட் போடுங்கள், மசாலுக்கு வேண்டியது மணிச்சத்துதான்.

இனி நான்காவது. விதைத்த நிலத்தை அடைத்துவிடுங்கள். புரட்டாசியில் அடைத்தால், மசால் பூத்துக் காய்த்து விதை உதிர்க்கிற தை கடைசி, மாசி வரை ஒரு ஆடுகூட உள்ளே போகக் கூடாது. முதன்முதலாக அரை ஏக்கரில் இதைச் செய்தபோது நான் நாற்பதே நாளில் படலைத் திறந்துவிட்டேன். பார்வைக்கு நல்ல பசுமையாக இருந்தது, வீட்டில் தீவனமும் குறைவாக இருந்தது. அருகில் நின்று பார்த்தேன்: ஒரு மறி தலையைத் தாழ்த்தி மசால் கன்றைக் கவ்வி ஒரு வெட்டு இழுத்தது, இலை மட்டும் வரவில்லை, விரல் நீள வேரும் அதில் ஒட்டிய செம்மண்ணுமாக முழுச் செடியும் வாயோடு வந்துவிட்டது. மாலைக்குள் நிலம் பழையபடி ஆயிற்று. அந்த விதையும் உழைப்பும் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். நிலத்தில் இல்லாமல் போனது விதை அன்று, ஓய்வு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆகவே மூன்று ஏக்கரிலும் ஒரே ஆண்டில் விதைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஓர் ஏக்கர் விதைத்து அடையுங்கள், மற்ற இரண்டில் மேயட்டும். வரப்போரம் அகத்தியும் கிளைரிசிடியாவும் வைத்தால் அடைப்புக் காலத்து நெருக்கடி குறையும். இரண்டாம் ஆண்டிலிருந்து, புல் முழங்கால் உயரம் வந்தபின் ஆடுகளை விட்டு, அரைச் சாண் உயரம் மீதியிருக்கும்போதே வெளியே ஓட்டிவிடுங்கள். அதற்கும் கீழே கடித்தால் புல் தன் வேரிலிருக்கும் சேமிப்பைச் செலவழித்துத்தான் துளிர்க்க வேண்டும். அப்படிப் பலமுறை நடந்தால் வேர் குட்டையாகி, அடுத்த கோடையில் தூரே காய்ந்துவிடும்.

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். மார்கழியில் ஒரு மசால் செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரை நீரில் அலசி, அதிலுள்ள முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்தைச் சேர்க்கிறது என்று பொருள். பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை; அடுத்த ஏக்கரில் ரைசோபியத்தைக் கவனமாகப் பூசுங்கள்.

கேள்வி: எங்கள் முந்திரித் தோப்பில் மரங்களுக்கு இடையே புல் வளர்த்து ஆடு மேய்க்கலாமா?
– ஒரு வாசகி, பண்ருட்டி அருகிலிருந்து

பதில்: கிளைகள் கூடித் தரையில் வெயிலே விழாத தோப்பில் எதை விதைத்தாலும் வீண். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் மரம் சாய்ந்து, பின்னர் மறுநடவு செய்த தோப்புகளிலும் பல இடங்களில் இப்போது நிழல் கூடியிருக்கும். வெயில் புள்ளிபுள்ளியாக விழுகிற தோப்பாக இருந்தால் கினியா புல்லும், நல்ல வெளிச்சமுள்ள இடைவெளிகளில் முயல்மசாலும் வரும். விதைக்கும் முன் முந்திரிச் சருகை வாரி மரத்தடியில் மூடாக்காகச் சேர்த்துவிடுங்கள். சருகின்மேல் விழுந்த விதை மண்ணைக் காணாமலேயே செத்துப்போகும்.

மேய்ப்பதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. வெள்ளாடு முந்திரித் துளிரையும் எட்டும் கிளைகளையும் கடிக்கும், ஆகவே இளந்தோப்பில் செம்மறி மட்டும் போதும். முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்காக மருந்து தெளித்தால், அந்த மருந்தின் உறையில் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடியும்வரை ஆட்டை உள்ளே விடக் கூடாது, புல்லை அறுத்தும் போடக் கூடாது. கொட்டை விழத் தொடங்குவதற்கு முன் புல் தரையோடு குட்டையாக இருக்க வேண்டும். இல்லையேல் பொறுக்குகிற பெண்களின் கூலி நாள் இரட்டிப்பாகும், புல்லுக்குள் மறைந்த கொட்டை கோடை மழையில் நனைந்து கறுக்கும். மாசியில் ஒரு நெருக்கமான மேய்ச்சல் இதற்குப் போதுமானது.

கேள்வி: சம்பா அறுவடை முடிந்ததும் கறவை மாடுகளை வயலில்தான் விடுகிறோம். தாளைத் தவிர எதுவும் கிடைப்பதில்லை. உளுந்துக்குப் பதிலாகத் தீவனமாகவே எதையாவது தெளிக்கலாமா?
– ஒரு வாசகர், பாகூர், புதுச்சேரி

பதில்: தாராளமாகத் தெளிக்கலாம், நரிப்பயற்றைத் தெளியுங்கள். ஏரிப் பாசன வயலில் எஞ்சியிருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்தே படர்ந்து வளரும்; மாடுகள் விரும்பித் தின்னும்; தின்றது போக மீதியை அடுத்த பட்டத்துக்குப் பசுந்தாள் உரமாக மடக்கி உழலாம். கை அறுவடை என்றால் ஏழு முதல் பத்து நாள் முன்பாகத் தெளிப்பது வழக்கம். இயந்திர அறுவடை என்றால் அவ்வளவு முன்னதாகத் தெளிக்காதீர்கள், முளைத்த கன்றுகள் நசுங்கும். நான்கைந்து நாள் முன்பு தெளித்து, டயர் வண்டியைவிடச் சங்கிலிச் சக்கர வண்டியை அமர்த்துவது மேல். நெல்லுக்குக் கடைசியாக அடித்த மருந்து எது, எப்போது என்பதையும் குறித்து வையுங்கள்; முந்திரித் தோப்புக்குச் சொன்ன காத்திருப்பு நாட்கள் இங்கும் பொருந்தும்.

பசியோடு இருக்கும் மாட்டைப் பனி ஈரம் காயாத பயற்றங்கொடியில் நேராக விட்டுவிடாதீர்கள். வயிறு உப்பி ஒரு மணி நேரத்தில் மாடு சாய்ந்துவிடக்கூடும். முதலில் வைக்கோல் போட்டு, வெயில் ஏறியபின் அரை மணி நேரம் விட்டு, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். இடது பக்கம் விலா பின்னே முரசு போலப் புடைத்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி தங்களுக்குத் தொலைவில் இல்லை.

பக்கத்து நிலத்தார் சோளம் தெளிக்கச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மேயவிடுகிற நிலத்தில் சோளம் வேண்டாம். பூக்காத இளஞ்சோளத்திலும், தண்ணீர் இல்லாமல் வாடிப் பின் துளிர்த்த சோளத்திலும் சயனைடு நஞ்சு உண்டு. மாசி வெயிலில் வாடுகிற சோளம் அந்த நிலையில்தான் இருக்கும்.

கேள்வி: எங்களுடையது களிமண், மழையில் நீர் தேங்கும். முயல்மசால் போடலாமா?
– ஒரு வாசகர், காட்டுமன்னார்கோயில்

பதில்: போட வேண்டாம், அழுகிவிடும். களிமண்ணைத் தாங்குகிற பயறு வகை சங்குப்பூ. அதை மேட்டுப் பாங்கான இடத்தில், மழை வடிந்த மார்கழியில் தூவுங்கள். எப்போதும் நீர் நிற்கிற பள்ளத்தில் விதையை வீணாக்காமல் நீர்ப்புல்லின் கரணைகளை ஊன்றிவிடுங்கள். சேறாக இருக்கும்போது மாட்டை இறக்காதீர்கள். களிமண்ணில் பதிந்த குளம்புக் குழி காய்ந்தபின் கல்லாகிவிடும், அதில் வேர் இறங்காது.

கேள்வி: எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில் வேலிக்காத்தான் (சீமைக் கருவேலம்) மண்டிக் கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து விதைப்பந்து வீசலாம் என்று இருக்கிறோம். பலன் இருக்குமா?
– சில வாசகர்கள், மங்களூர் ஒன்றியம்

பதில்: தங்கள் அக்கறை மகிழ்ச்சி தருகிறது, ஆனாலும் பந்து வீசுவது கடைசி வேலை. வேலிக்காத்தானை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும், ஆகவே வேரோடு பெயர்க்க வேண்டும். அதன் காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலிருந்தே அது பரவுகிறது என்பதால், காய் முற்றுவதற்கு முன்னரே அகற்ற வேண்டும். பெயர்த்த குழிகளைச் சமப்படுத்தி, மேலே வேப்பூர் வாசகருக்குச் சொன்னபடி கொழுக்கட்டைப் புல்லையும் முயல்மசாலையும் நேராகத் தூவுங்கள். புல் விதைக்குப் பந்து தேவையில்லை, இறுகிய உருண்டைக்குள் அது மூச்சடைத்துப் போகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த நிலத்தை நம்பி ஆடு வைத்திருப்பவர்களிடம் பேசுங்கள். அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இருக்காது. முழுப் புறம்போக்கையும் அடைத்துவிட்டால் அவர்கள் ஆட்டைச் சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஓர் ஆண்டு அடைப்பது என்று அவர்களும் ஒப்புக்கொண்டு கிராமசபையில் தீர்மானம் செய்து, வருவாய்த்துறைக்கும் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அறுவடைக் காலத்தில் இராமநாதபுரத்திலிருந்து மந்தை ஓட்டி வருகிற கீதாரிகளுக்கும் எந்தப் பகுதி அடைப்பில் இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அடைப்பில்லாத இரண்டு பங்கில் அவர்கள் கிடை போட்டால், அடுத்த ஆண்டு விதைக்க வேண்டிய இடத்துக்கு எரு சேர்ந்துவிடும்.