கம்போடியாவில் கெப், கம்போட் பக்கம் போனால் உள்ளூர்ச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும்?

சியம் ரீப்பில் கோயில்களை முடித்துவிட்டு இரண்டு நாள் கடற்கரைக்கு இறங்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். "அங்கே வாயில் வைக்க ஒன்றும் கிடைக்காது, ஊறுகாய் எடுத்துக்கிட்டுப் போ" என்று யாராவது பயமுறுத்தியும் இருப்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். வேலைக்காகத் தலைநகர் புனோம் பென்னில் இருந்தவன் நான். லீவு கிடைத்தால் கெப்புக்குத்தான் ஓடுவேன்.

கெப்பில் நண்டுச் சந்தைக்குப் போங்கள். சந்தையை ஒட்டிக் கடலைப் பார்த்தபடி வரிசையாக உணவகங்கள் இருக்கின்றன. நான் அவற்றைச் சொல்லவில்லை. அங்கே சாப்பிட்டு ரசித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அவையும் மோசமில்லை. ஆனால் சந்தைக்குள் நீங்களே நண்டு வாங்கி, அங்கேயே சமைத்துத் தரச் சொல்லிச் சாப்பிடுவது வேறு.

ஒருமுறை தூத்துக்குடியிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். நண்டைக் கூடைக்குள் உயிரோடு வைத்துக் கடலிலேயே போட்டிருப்பார்கள். கேட்டதும் ஒரு பெண் தண்ணீருக்குள் இறங்கிக் கூடையை இழுத்துக்கொண்டு வந்தார். நம்மூர் நீலக்கால் நண்டு மாதிரிதான். சித்தி விலையே கேட்கவில்லை. ஒன்றை எடுத்துத் திருப்பி, வயிற்றுப் பக்கம் கட்டை விரலால் அழுத்தினார். அமுங்கியது. "இது வத்தல், உள்ள ஒண்ணும் இருக்காது" என்று தூரப் போட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சிரித்துக்கொண்டே கெட்டியான நண்டாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

பச்சை மிளகை நாம் ஊறுகாய்தான் போடுவோம். அங்கே கொத்துக் கொத்தாகக் காம்போடு வாணலியில் போட்டு, பூண்டோடு நண்டையும் சேர்த்துப் புரட்டுகிறார்கள். மிளகைக் கடித்தால் முதலில் வாசனைதான் வரும், காரம் கொஞ்சம் கழித்து ஏறும். "சீனிய மட்டும் குறைச்சிருக்கலாம்" என்றார் சித்தி. அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

காசு கொடுக்கும்போதுதான் தகராறு. அங்கே டாலரும் ஓடும், உள்ளூர் ரியலும் ஓடும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல். சித்தப்பா நீட்டிய இருபது டாலர் நோட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல். அந்தப் பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கிழிசல் டாலரை அந்த நாட்டில் யாரும் லேசில் வாங்க மாட்டார்கள். சென்னையில் நோட்டு மாற்றிக் கொடுத்த ஆள்மேல்தான் கோபம். வாங்கும்போதே சித்தப்பா கேட்டிருக்கிறார், "உலகம் பூரா செல்லும் சார்" என்றாராம். நாம் கொடுக்கிற ஐந்நூறு ரூபாயில் பேனாக் கீறல் இருந்தால் மட்டும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆராய்ச்சி செய்வார்கள். சரி, விடுங்கள். நோட்டைப் பார்த்து வாங்கிக்கொண்டு போங்கள்.

கம்போட் அங்கிருந்து 25 கிலோமீட்டர் இருக்கும். அங்கே காலையில் விடுதிச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சந்தைக்கு நடங்கள். நும் பான் சோக் என்று கேளுங்கள். நம் இடியாப்பம் போன்ற அரிசி நூடுல்ஸ். கம்போட் பக்கத்தில் அதன்மேல் தேங்காய்ப்பால், உலர்ந்த இறால் பொடி, வேர்க்கடலை, பச்சிலைகள் போட்டுத் தருவார்கள். காலை வியாபாரம், வெயில் ஏறிவிட்டால் தீர்ந்துவிடும்.

மிளகு வாங்காமல் திரும்பாதீர்கள். கம்போட் மிளகுக்கு 2010-இல் அந்த நாட்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்தது, 2016-இல் ஐரோப்பிய ஒன்றியமும் கொடுத்தது. எழுபதுகளில் நடந்த கெமர் ரூஜ் கொடுங்கோல் ஆட்சியில் அழிந்துபோன தோட்டங்களைத் திரும்ப உருவாக்கிய கதை அது. முத்திரை இல்லாத பொட்டலம் மலிவாகக் கிடைத்தால் எந்த ஊர் மிளகோ, யாருக்குத் தெரியும். சிவப்பு மிளகு கொஞ்சம் இனிப்பு வாசனையோடு இருக்கும், விலை கூடுதல்.

சைவக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் திட்டுவீர்கள். உண்மையைச் சொன்னால் கஷ்டம்தான். கீரை வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், அடுப்பில் ஏற்றும் முன்பே சொல்லிவிட வேண்டும். துரியன் பிடிக்குமென்றால் கம்போட் அதற்கும் பேர்போன ஊர், ஊர் நடுவே துரியனுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அறைக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், பல விடுதிகளில் விட மாட்டார்கள்.