பயாப்ஸி முடிவு வரும்வரை நடைப்பயிற்சி செய்யலாமா? யாரிடம் பேசுவது?

மார்பகக் கட்டியில் ஊசி பயாப்ஸி எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறீர்கள். நடையை நிறுத்த வேண்டுமா என்பது கேள்வி. வேண்டாம். முதல் 24 மணி நேரம் மட்டும் தண்ணீர்க் குடம், துணி வாளி தூக்காதீர்கள். ஓட்டமும் ஜிம்மும் அப்புறம். அதில்தான் ஊசி போன இடத்தில் ரத்தம் கட்டும். வலித்தால் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும் (இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது). லேசாக நீலம் பாரிப்பது சகஜம். வீக்கம் பெருகினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனை.

மறுநாளிலிருந்து 30 நிமிட நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

முடிவு தள்ளிப்போனால் புற்றுநோய் என்று முடிவு கட்டாதீர்கள். எடுத்த சதைத் துணுக்கில் சாயம் ஏற்றிப் பார்க்கும் கூடுதல் பரிசோதனைக்கே சில நாள் பிடிக்கும்.

சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். முடிவு வாங்கப் போகும்போது நிதானமான ஒருவரைக் கூட்டிப் போங்கள்; பதற்றத்தில் டாக்டர் சொல்வது பாதி காதில் ஏறாது, கூட வந்தவர் எழுதிக்கொள்ளட்டும். நடுராத்திரியில் மனம் அலைந்தால் 14416, அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.